ஸ்டோர் லைனின் கடைசி டோக்கன்

வேலைக்குப் போன நாளிலிருந்து ஐடா தன் சொந்த ஊரை இரண்டு விதமாகத்தான் பார்த்திருந்தாள். ஒன்று இருட்டில், இன்னொன்று ஞாயிற்றுக்கிழமையில். கோலார் தங்கவயலில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணமாகி ஒரு பெண்ணையும் பெற்றவளுக்கு இது விசித்திரமாகப் படவில்லை. அந்த ஊரில் வேலைக்குப் போகிற எல்லோருக்கும் அப்படித்தான். விடியும் முன்பே வண்டி பிடித்து பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போக வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு அதே கூட்டத்தில் நசுங்கித் திரும்ப வேண்டும். சுரங்கத்தை மூடிய பிறகு ஊருக்கு மிஞ்சிய ஒரே தொழில் ரயில் ஏறுவதுதான் என்று யாராவது கேலி செய்தால் சண்டைக்குப் போக வழியில்லை. அது உண்மைதான்.

இருபது வருஷத்துக்கும் மேல் ஐடா ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தாள். தைத்த நேரத்தைவிட வண்டியில் நின்ற நேரம் அதிகமோ என்று அவளுக்கே சந்தேகம் உண்டு. தோளில் எப்போதும் ஒரு நீல கான்வாஸ் பை தொங்கும். கம்பெனியில் கழித்துப் போட்ட துணியில் அவளே தைத்துக்கொண்டது. சாப்பாடு, தண்ணீர், குடை, வரும் வழியில் வாங்கிய காய்கறி எல்லாம் அதற்குள்தான். பட்டி உரசி உரசி அவளுடைய இடது தோளில் ஒரு தழும்பே விழுந்துவிட்டது.

மகள் லவினா, அம்மாவை ஞாயிற்றுக்கிழமை வந்து போகிற விருந்தாளி என்று எண்ணித்தான் வளர்ந்தாள். ஒருநாள் ஐடா திரும்பி வரும்போது பிள்ளை பக்கத்து வீட்டு வாசற்படியிலேயே தூங்கிப் போயிருந்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டபோது, அரைத் தூக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அன்றைக்கு ஐடா மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டாள். இந்தப் பெண் இந்த வண்டியில் ஏறக் கூடாது. என்ன செய்தாவது, ஊருக்குள்ளேயே இவளுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். சத்தியம் செய்வது சுலபம். ஊருக்குள் வேலையை எங்கிருந்து கொண்டுவருவது என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

தங்கவயலின் பாலகாட் பக்கம், ரயில் நிலையத்துக்குப் போகிற பாதையின் ஓரத்தில் ஸ்டோர் லைன் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கிடங்குகள் ஐந்து, ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும். மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிய சாமான்கள் ரயிலேறி வந்து இங்கேதான் இறங்கும். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிற கேஜை இழுக்கும் கம்பி வடம், பாறை குடைகிற டிரில், பீப்பாய் பீப்பாயாக எண்ணெய் எல்லாம் இந்தக் கதவுகள் வழியாகத்தான் ஷாஃப்டு என்கிற சுரங்கக் குழிக்குப் போயின. சுவர்கள் கருங்கல். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் முழங்கை வரை சுவருக்குள்ளேயே இருக்கும், அத்தனை கனம். மேலே தேக்கு உத்தரம். சுரங்கம் மூடிய பிறகு வௌவால்களும் ஆடுகளும் சீட்டாடுகிறவர்களும் குடியிருந்தார்கள். யாரும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

பிறகு ஒருநாள், கல்லுக்கும் தேக்குக்குமாகக் கிடங்குகளை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அதைக் கேட்டு ஊரில் நாலு பேர் மனு கொடுக்க, அதிகாரிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். பழைய இடத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தால் இடிக்க மாட்டோம், கூரையை நாங்களே போட்டுத் தருகிறோம், ஒரு வருஷம் பார்ப்போம் என்றார்கள். ஊர் ஜனங்கள் அன்றாடம் வந்துபோகிற இடமாக அது ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் இடிக்கிற கான்ட்ராக்டர் வருவார். எடுத்து நடத்துவது யார் என்று கேட்டபோது கூட்டம் தரையைப் பார்த்தது. மனு கொடுத்த நாலு பேரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். கடைசி வரிசையில் காய்கறிப் பையோடு நின்றிருந்த ஐடா, நான் நடத்துறேன் என்றாள். சொல்லிவிட்டுக் காய்கறிப் பையைத் தரையில் இறக்கி வைத்தாள்.

கணவன் ஸ்டீவன் நல்ல மனிதன். பெங்களூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை. எதையும் இரண்டு நாள் யோசித்துத்தான் சொல்வான். இதற்கு நாலு நாள் எடுத்துக்கொண்டு, "நான் சொன்னா நீ கேக்கப் போறியா இன்னா" என்று மட்டும் கேட்டான். ஐடா வேலையை விட்டாள். இருபது வருஷமாக வண்டியில் தோளோடு தோள் நின்று வந்த பாக்யலட்சுமியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். இன்னும் சில பெண்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். ஆட்கள் இறங்குவதையும் ஏறுவதையும் கணக்கு வைக்கிற, சுரங்கத்தின் டைம் ஆபீசில் வேலை பார்த்து, மூடியதும் வீட்டில் முடங்கியிருந்த தாமோதரன், சும்மா வேடிக்கை பார்க்க வந்து, துடைப்பத்தைக் கையில் வாங்கியவர் பிறகு அதைக் கீழே வைக்கவே இல்லை.

நூறு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு தரையில் அடையாகப் படிந்திருந்தது. மரத்தூளைக் கொட்டி, மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, மண்வெட்டியால் சுரண்டினார்கள். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்றடிக்கும்போதெல்லாம் சாம்பல் நிறப் புழுதி வந்து, அப்போதுதான் துடைத்த இடத்தில் உட்கார்ந்தது. மறுபடி துடைத்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த இளம் இன்ஜினியர்கள் கூரையை ஒழுங்காகப் போட்டார்கள், துருப்பிடித்த இரும்புக் கதவுகளை ஒரே விரலால் தள்ளுகிற மாதிரி சரிசெய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐடா வீட்டு மாட்டுக்கறிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போய், அதற்காகவே இரண்டு முறை திரும்பி வந்தார்கள்.

கிடங்கில் கடைகள் என்று முடிவாயிற்று. மளிகை, காய்கறி, பலகாரம், ஒன்றில் மட்டும் தையல். காலை பத்து மணிக்குத் திறந்து சாயங்காலம் ஆறு மணிக்குச் சாத்துவது என்று நேரத்தைக் குறித்தவள் ஐடாதான். பெங்களூரில் அவள் பார்த்த கடைகள் அப்படித்தான் திறந்தன, அவள் வேலை பார்த்த கம்பெனியும் ஏறக்குறைய அதே கணக்குதான். மரியாதையான வேலைக்கு அதுதான் நேரம் என்று அவள் மனதில் பதிந்துபோயிருந்தது.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த பிறகு. ஆண்டர்சன்பேட்டை பஜாரே எழுந்து நடந்து வந்துவிட்டது போலக் கூட்டம். பிரியாணி ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. ஐடா அன்று ராணி மாதிரி நடந்தாள். சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், ஆனாலும் அப்படித்தான் நடந்தாள்.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. நேற்றுத்தானே எல்லோரும் வாங்கினார்கள் என்று சமாதானம் சொன்னாள். செவ்வாய்க்கிழமை பாட்டா செருப்பு அறுந்த ஒருவர் ஊசி நூல் கேட்டு வந்தார். புதன்கிழமை மத்தியானம் பாக்யலட்சுமி காய்கறிக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் களைத்துப்போய், "ஜனங்கல்லாம் எங்கக்கா போய்ட்டாங்க?" என்று கேட்டாள். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஐடா குடையை விரித்துக்கொண்டு கிளம்பினாள்.

சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் வழியாக நடந்தாள். கதவுக்குக் கதவு பூட்டு. எங்கோ ஒரு வீட்டில் டிவி ஓடியது. பென்ஷன்காரர் ஒருவர் வேப்ப மரத்தடியில் வாயைத் திறந்தபடி தூங்கினார். தெருவின் நடுவில் ஒரு நாய், எந்த வண்டியும் வராது என்ற முழு நம்பிக்கையில் காலை நீட்டிப் படுத்திருந்தது. ஐடா நின்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோள் இடிக்கிற தெரு இது. புதன்கிழமையில் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல யார் இருந்தார்கள்? சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் அவளோடு வண்டியில் அல்லவா நின்றுகொண்டிருந்தார்கள்? ஒரு புதன்கிழமை மத்தியானத்தைக்கூடத் தன் ஊரில் வைத்துப் பார்க்காமல் இருபது வருஷம் ஓடியிருக்கிறது. வேலையை விட்ட பிறகும் பகலெல்லாம் கிடங்குக்குள் தரையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊரையே அறியாமல் ஊருக்குக் கடை திறந்திருக்கிறாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தன் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, குடையை மடக்கித் தரையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

அடுத்த சில வாரங்களில் மளிகைக்காரர் போனார், பலகாரம் போடுகிறவர் போனார். தையல் மிஷின்களும் பிடிவாதமும்தான் மிச்சம். வீட்டில் ஸ்டீவன் சம்பளம் ஒன்றே. அதற்கெல்லாம் ஐடா தயாராகத்தான் இருந்தாள். படிப்பு முடித்து வீட்டிலிருந்த லவினா சொன்னதற்குத்தான் தயாராக இல்லை. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமையிலிருந்து போகிறேன் என்றாள் லவினா.

"அந்த வண்டியில நீ ஏறக் கூடாதுன்னுதான்டி நான் இவ்ளோ பாடுபட்டுக்கினு கீறேன்."

"நீ படற பாட்டுக்கு வீட்ல சோறு வேகணும் இல்ல மா? நான் போறேன். உன் பைய எடுத்துக்கறேன்."

ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த நீலப் பையை அவளே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அதே இடது தோள். அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் அவசியத்துக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். லவினா கிளம்பும்போது ஐடா விழித்துக்கொண்டுதான் இருப்பாள், ஆனால் எழுந்து வர மாட்டாள்.

ஒருநாள் விடியற்காலை நல்ல மழை. பெண் குடையை மறந்துவிட்டுப் போனதைப் பார்த்து, மனசு கேட்காமல் ஐடா பின்னாலேயே ஓடினாள். ஸ்டோர் லைன் வரைக்கும் ஓடியும் பிடிக்க முடியவில்லை. மூச்சு வாங்க, கூரை நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒதுங்கி நின்றாள். அப்போதுதான் பார்த்தாள். பாதை முழுக்க ஆட்கள். செல்போன் வெளிச்சத்தில், குடையில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பை பையாகத் தூக்கிக்கொண்டு ஊர் மொத்தமும் அவள் கதவுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் அவளும் இதே பாதையில் இதே ஓட்டம்தான் ஓடினாள். ஓடுகிறவளுக்குப் பக்கத்தில் ஓடுகிறவர்களை எண்ணிப் பார்க்க நேரமில்லை. இப்போது நின்றுகொண்டிருந்ததால் தெரிந்தது. ஜனங்கள் எங்கேயும் போய்விடவில்லை. கடைதான் தப்பான நேரத்தில் திறந்திருக்கிறது.

குடையைக் கொடுக்க முடியாமலே திரும்பி வந்து, பாக்யலட்சுமி வீட்டுக் கதவைத் தட்டினாள். "பாக்யம், நாளைலேருந்து நமக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு."

ஷிப்டு என்ற சொல்லை அந்த ஊரில் விளக்க வேண்டியதில்லை. முதல் ஷிப்டு, வண்டிக்கு முன். இட்லிப் பொட்டலமும் டீயும், நறுக்கிக் கட்டிய காய்கறிக்கு ஆர்டரும். பகல் ஷிப்டில் கதவைச் சாத்திக்கொண்டு தையல், இஸ்திரி, ரிப்பேர், மாவாட்டல். சாயங்கால ஷிப்டு, வண்டி வந்த பிறகு. காலையில் கொடுத்ததைச் சாயங்காலம் வாங்கிக்கொண்டு போகலாம். ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் தையல்காரரையோ செருப்பு தைப்பவரையோ பார்க்க முடியாத ஜனங்களுக்கு இது பெரிய காரியம். ஆனால் வண்டிக்கு ஓடுகிறவன் நின்று பெயர் சொல்லி, என்ன வேண்டும் என்று விவரம் சொல்ல மாட்டான். நின்றால் வண்டி போய்விடும்.

அதற்கு வழி ஐடாவுக்கு அப்பா பர்னபாஸின் நினைவில் கிடைத்தது. அவர் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவனும் பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட டோக்கனைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கேஜில் ஏறுவான். மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். ஒருநாள் கீழே பாறை வெடித்து, ஷிப்டு முடிந்தும் சில ஆணிகள் காலியாகவே இருந்தன. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஷாஃப்டு வாசலில் நின்ற சிறுமி ஐடாவுக்கு, அப்பா வந்து டோக்கனை மாட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கடைசி ஆணி நிறையும் வரை டைம் ஆபீஸ் ஆள் ஒருவரும் அன்று வீட்டுக்குப் போகவில்லை.

கூரை போட்டு மிஞ்சிய தகரத்தை வெட்டி டோக்கன் செய்தார்கள், அவற்றை மாட்டப் பாதை ஓரக் கவுன்டருக்குள் ஒரு ஆணிப் பலகையும் வைத்தார்கள். தாமோதரன் ஒவ்வொன்றிலும் நம்பர் அடித்தார், வீட்டில் பத்திரமாக வைத்திருந்த பழைய நம்பர் அச்சுகளை இதற்காகவே வெளியே எடுத்தார். பையைக் கொடு, டோக்கனை எடு, ஓடு. சொல்ல வேண்டியதைப் பைக்குள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போடு. முதல் இரண்டு நாள் ஓட்டத்தை நிறுத்தாமல் சிரித்துக்கொண்டே போனார்கள். மூன்றாம் நாள் ஒருவர் ஜிப் பிய்ந்த பேண்டைக் கொடுத்தார். அடுத்த வாரம் அலமாரி போதவில்லை. ஐடா ஒரே ஒரு சட்டம் போட்டாள். ஒரு ஆணி காலியாக இருந்தாலும் கதவைச் சாத்தக் கூடாது. வண்டி தாமதமானாலும் சரி, யாராவது வழியில் நின்று பேசிவிட்டு வந்தாலும் சரி. பாக்யலட்சுமி முணுமுணுத்தாள். தாமோதரன் மட்டும் அது சரிதான் என்றார்.

லவினா மட்டும் அந்தக் கவுன்டர் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. எதிர் ஓரமாக நடந்து போய்விடுவாள்.

அதிகாரிகள் கொடுத்த ஒரு வருஷம் முடிகிற நேரத்தில், வெள்ளிக்கிழமை மத்தியானம் அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. மத்தியானமா என்று பாக்யலட்சுமி தலையில் கையை வைத்துக்கொண்டாள். நேரத்தை மாற்றச் சொல்லி ஐடா கோலார் வரை போய்க் கேட்டுப் பார்த்தாள், நடக்கவில்லை. தாமோதரன் ஒரு யோசனை சொன்னார். சர்ச் ஆட்களையும் பென்ஷன்காரர்களையும் கூப்பிட்டு வரிசையில் நிற்க வைக்கலாம், ஒரு நாளைக்குத்தானே, ஊருக்காக வருவார்கள்.

ஐடா ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லாத கூட்டத்தக் காட்டிட்டு நாளைக்கு இன்னாத்தக் காட்டுவோம்ணா? இருக்கறத காட்டுவோம். பத்தலன்னா இடிச்சிக்கினு போவட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை கவுன்டரில் வழக்கமான தள்ளுமுள்ளு. குனிந்து பைகளை வாங்கிக்கொண்டிருந்த ஐடாவின் கையில் ஒரு நீலப் பை வந்து விழுந்தது. நிமிர்ந்தாள். லவினா. சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். "பட்டி பிஞ்சிடுச்சு" என்றாள், வேறு எங்கோ பார்த்தபடி. ஐடா டோக்கனை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

மத்தியானம் ஜீப் வந்தது. அதிகாரி மமதா, வயது முப்பதைத் தாண்டியிருக்காது. கன்னடக்காரர், தமிழ் புரியும். கூடவே கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர், அளவு டேப்போடு. வந்ததும் வராததுமாக உத்தரத்தை அண்ணாந்து பார்த்து அளக்க ஆரம்பித்துவிட்டார். மமதா ஐந்து கிடங்கையும் சுற்றி வந்தார். உள்ளே பெண்கள் தைப்பது நல்லது என்றார். ஆனால் இது ஊர் புழங்குகிற இடமாக அல்லவா இருக்க வேண்டும்? கவுன்டர் சாத்தியிருந்தது. பாதையில் ஒரு ஆடு. "இல்லி யாரூ இல்வல்லம்மா" என்றார். யாருமே இல்லையே என்று அவர் சொன்னதில் குற்றச்சாட்டு இல்லை, வருத்தம்தான் இருந்தது. அது இன்னும் மோசம்.

ஐடா அவரைப் பலகைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். சுவர் அகலத்துக்குப் பலகை, வரிசை வரிசையாக ஆணிகள், அத்தனையும் காலி. எதிர்ச் சுவரில் கூரை வரைக்கும் அலமாரி, அத்தனையிலும் பைகள்.

"இது ஒண்ணொண்ணும் ஒரு ஆளு மேடம். இப்ப பெங்களூர்ல கீறாங்க. சாயங்காலம் வந்து டோக்கன மாட்டிட்டுதான் வீட்டுக்குப் போவாங்க. இந்த ஊர்ல மத்தியானம் காலியா கீதுன்னா, எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்கன்னு அர்த்தம். வண்டி வர வரைக்கும் நீங்க இருந்து பாக்கணும்."

மமதா பலகையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோலாரில் வேலை இருக்கிறது என்றார். பிறகு யாருக்கோ போன் செய்து, சாயங்காலம் வரை வர முடியாது என்று சொன்னார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கான்ட்ராக்டரின் ஆளுக்கும் ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள், அவ்வளவு கெட்டவர்கள் இல்லை.

ஐடா நீலப் பையை எடுத்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள். பட்டி அடியோடு அறுந்திருந்தது. அவள் போட்ட பழைய தையல்தான், இற்றுப்போய்விட்டது. இதைத் தைக்காமலே வைத்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. பை இல்லையென்றால் பெண் போகாமல் இருந்துவிடுவாளா? அசட்டு நினைப்பு என்று அவளுக்கே தெரிந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது, அதுதான் நெஞ்சைக் குத்தியது. வண்டியை ஒழிக்க வேண்டும் என்று ஆரம்பித்த இடம் இது. இப்போது வண்டியில் போகிறவர்களால்தான் உயிரோடு இருக்கிறது. அந்தக் காலி ஆணிகளில் ஒன்று அவள் பெண்ணுடையது. கண் கலங்கி ஊசி தெரியவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு, பட்டிக்கு உள்ளே இன்னொரு துணி கொடுத்து, தோள் உரசாமல் இருக்கப் பஞ்சு வைத்து, இரட்டைத் தையல் போட்டாள். அதன் மேல் குறுக்காக இன்னொன்றும் போட்டாள்.

சாயங்கால வண்டி பங்காருபேட்டையில் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. ஜீப் டிரைவர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். விளக்குகளைப் போட்டார்கள். பாக்யலட்சுமி சும்மா இருக்க முடியாமல் ஏற்கெனவே அடுக்கிய பைகளை மறுபடியும் அடுக்கினாள். கடைசியில் தண்டவாளம் அதிர்கிற சத்தம் கேட்டது. பிறகு காலடிச் சத்தம்.

வந்தார்கள். பாதை கொள்ளாமல் வந்தார்கள். கவுன்டரில் கைகள், டோக்கன்கள், அண்ணா என்னோடது, அக்கா என்னோடது. நர்ஸ்கள், செக்யூரிட்டிகள், ஆபீஸ் துடைப்பவர்கள், கம்ப்யூட்டர் பைக்காரர்கள். சீருடையோடு வந்த ஸ்டீவன் தன் டோக்கனை மாட்டிவிட்டு, கேட்காமலே உள்ளே வந்து பைகளை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தான். ஓரமாக நின்ற மமதாவை யாரோ இடித்துத் தள்ளிவிட்டு, வழியில நிக்காதீங்க மா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் சிரித்தார். ஆணியில் தகரம் விழுகிற சத்தம் மழை மாதிரி இருந்தது. கான்ட்ராக்டரின் ஆள் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, கடைசியில் அவரும் ஒரு பொட்டலம் வடை வாங்கினார்.

கூட்டம் கரைந்தது. டிரைவர் ஜீப்பைக் கிளப்பினார். மமதா கிளம்பவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆணி காலி. அது யாருடையது என்று கேட்டார்.

"எம் பொண்ணோடது" என்றாள் ஐடா.

அவளும் வண்டியிலா போகிறாள் என்று மமதா கேட்டார். ஐடா பாதையை எட்டிப் பார்த்தாள். பாதையின் இருட்டில் ஒரு உருவம் மெதுவாக வந்தது. பிளாஸ்டிக் கவர் எங்கோ கிழிந்துபோய், டப்பா ஒரு கையிலும் பாட்டில் ஒரு கையிலுமாக, உருண்டதைப் பொறுக்கிக்கொண்டு எல்லோருக்கும் கடைசியாக வந்தாள் லவினா.

"போறா மேடம்" என்றாள் ஐடா. "போவக் கூடாதுன்னு நெனச்சேன். போவட்டும். ஆனா திரும்பி வரும்போது ஊர்ல ஒரு வெளக்கு எரியணும், அவ வந்து சேந்தாளான்னு யாராச்சும் பாத்துக்கினு இருக்கணும். அதுக்குத்தான் இது வேணும்ங்கறேன்."

மமதா கல் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார். "இதன்ன ஒடெயோதில்லம்மா" என்றார். பிறகு தமிழிலும் சொன்னார், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுபோல் நிதானமாக. "இத இடிக்க மாட்டாங்க. நான் அப்படித்தான் எழுதப் போறேன்."

பாக்யலட்சுமி கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தாமோதரன் துடைப்பத்தை எடுத்து, குப்பையே இல்லாத இடத்தைப் பெருக்கினார்.

லவினா கவுன்டருக்கு வந்து டப்பாவை வைத்தாள். ஐடா நீலப் பையை நீட்டினாள். பெண் அதைத் தோளில் மாட்டி, பட்டியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். உள்ளே பஞ்சு வைத்திருப்பது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அங்கேயே விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே பிய்யாது" என்றாள் ஐடா.

"காலைல எனக்கும் ரெண்டு இட்லி கட்டி வை மா. ஓடிக்கினே வாங்கிக்கறேன்."

டோக்கனை ஆணியில் மாட்டினாள். ஐடா பலகையை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்துவிட்டு, கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறு பக்கத்தை லவினா பிடித்துத் தள்ளினாள்.